மூன்று கம்பாசிட்டர், ஆறு குடும்பம்

என் கொள்ளுத்தாத்தா ஒரு கல்வி நிலையத்தை நிறுவியவர் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். காபி ஆறியதுதான் மிச்சம். கூடவே இன்னும் பலர் சேர்ந்துதான் நிறுவினார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்தத் தொழிலாளர் கல்வி நிலையம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆரம்பித்தது. இப்போது தையலும் கம்ப்யூட்டரும். கட்டடத்தைப் புதுப்பித்து, நிறுவியவர்களுக்குக் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எங்க தாத்தா பேரை இந்தக் கண்ணால படிக்கணும்டா. அதுக்குத்தான் கண் ஆபரேஷனே பண்ணிக்கிட்டேன்."

டாக்டரிடம் டி.வி. சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தாள்.

தி.நகரிலிருந்து, மெட்ரோக்காரர்கள் தோண்டிய பள்ளங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு மூன்று முறை போனேன். முதல் முறை செயலாளர் இல்லை. இரண்டாம் முறை செயலாளர் இருந்தார், பீரோ சாவி இல்லை. மூன்றாம் முறை இரண்டும் வாய்த்தன. செயலாளர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முதல் கூட்டத்தின் நோட்டை எச்சில் தொட்டுத்தான் புரட்டினார்.

"உங்காளு இன்னா வேலை சார்?"

"அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர்."

"அப்போ கீறாரு. ஆனா மூணு பேரு கீறாங்கோ."

எட்டிப் பார்த்தேன். நிறுவியவர்கள் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. தச்சர், கொத்தனார், டிராம் டிரைவர், கம்பாசிட்டர், கம்பாசிட்டர், கம்பாசிட்டர். எல்லாம் ஒரே ஆள் எழுதியது.

"பேரு போட்டா மொதலாளி காதுக்குப் பூடும், வேலை காலி. அத்தொட்டு தொழிலை மட்டும் எழிதிக்கினாங்கோ."

"இப்போதான் அந்த முதலாளியே இல்லையே? பேரைப் போடலாமே!"

"யாரு பேரை? மூணு கம்பாசிட்டருக்கு இதுவரிக்கும் அஞ்சு குடும்பம் வந்துட்சி. நீங்கோ ஆறாவது. நோட்டுல கீற மாதிரியேதான் கல்லுலயும்னு கமிட்டில முடிவாயிட்சி சார்."

ஊரார் பெயரையெல்லாம் நாள் முழுக்க ஈயத்தில் கோத்த மனிதர், தன் பெயருக்கு ஓர் எழுத்துகூடச் செலவழிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் அந்த முதலாளிமேல் வந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாமேல்தான் வந்தது. ஓர் இனிஷியலாவது போட்டிருக்கக் கூடாதா?

திறப்பு விழாவுக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். விஷயத்தை வழியில் சொல்லிவிட நினைத்து, ஒவ்வொரு சிக்னலிலும் தள்ளிப்போட்டேன். அவள் கல்லை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல தாத்தா எதுடா?"

"நடுவுல இருக்கிறதும்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நடுக் கம்பாசிட்டருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேரே அவர்களிடம் போனாள். "கொஞ்சம் நகருங்கப்பா. அது எங்க தாத்தா."