ஒத்தைவண்டி வீட்டு பீரோ

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவில் எல்லோருக்கும் அவர் ஒத்தைவண்டி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். அவர் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஒரு குடும்பம் வீடு மாற ஒரு கைவண்டி போதும். ஒரு டிரங்குப் பெட்டி, கொஞ்சம் பாத்திரம், சுருட்டிக் கட்டிய படுக்கை. இவர் வண்டியைத் தள்ள, முகம் பார்க்கும் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நடந்து வருவார். இப்போது அந்த வண்டியில் ஒரு வீட்டின் செருப்புகளை ஏற்றவே இடம் பற்றாது. லாரி வருகிறது, அதுவும் இரண்டு நடை போகிறது. வீட்டுக்காரர்கள் காரில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு போனில் விரட்டுகிறார்கள். ஒரு வீட்டில், போன தடவை இவர் கட்டிக் கொடுத்த அட்டைப்பெட்டிகள் இவர் போட்ட முடிச்சுகூட அவிழாமல் அடுத்த வீட்டுக்குத் தயாராக இருந்தன. உள்ளே என்ன என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போய், தன் வீட்டை மட்டும் அவர் பழையபடியே வைத்திருந்தார். இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. பாய், பெட்டி, கொடியில் துணி. மனைவி தையல்காரி. அதனால் தையல் மிஷினையும் கனத்த இஸ்திரிப் பெட்டியையும் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார். "நம்ம வீடு இன்னிக்கும் ஒத்தை வண்டிதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்தப் பெருமைக்காகத் தினமும் குனிந்து நிமிர்ந்தது யார் இடுப்பு என்று அவர் யோசித்ததில்லை. ஆண்களுக்கு இந்த வசதி எப்போதும் உண்டு.

டெய்லரம்மா என்று தெருவே கூப்பிடும் அந்த மனைவி ஒருநாள் அவரைக் கேட்காமல் ஒரு பீரோ வாங்கிவிட்டாள். இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டில் கிடந்த மரப் பீரோ. கழற்றிப் பிரிக்க முடியாதபடி ஒட்டி இறுக்கியது. உச்சியில் பூவும் கொடியும் செதுக்கிய முகப்புப் பலகை, இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. அந்தப் பூவைப் பார்த்துத்தான் அவள் மயங்கினாள். அவள் தம்பி அதை வண்டியில் கொண்டுவந்து மாடிப்படி வாசலில் இறக்கிவிட்டான். அவனும் மாமாவிடமே தொழில் பழகியவன்.

ஒத்தைவண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு வாங்கின?"

"என் கைக்காசு. யாரைக் கேக்கணும்?"

"நாளைக்கே வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா, இதை எங்க தூக்கிட்டுப் போறது?"

"கல்யாணமான நாள்லேருந்து இதேதான் சொல்றீங்க. நாளைக்குக் காலி பண்ணப்போற வீட்டுலயே என் காலமெல்லாம் போயிடுச்சு. பையனும் அதைப் பாத்தே வளந்தான். ஒரு பையைத் தோள்ல மாட்டிட்டுப் போனவன், திரும்பிக்கூடப் பாக்கலை." அவள் பீரோவின் கதவில் கை வைத்தாள். "எடுத்துட்டுப் போகவே முடியாத சாமான் ஒண்ணு வேணும் எனக்கு. அவ்வளவுதான்."

சொன்னதில் கடைசி வார்த்தைகள்தான் அவர் காதில் ஏறின. அதுவும் தப்பாக.

"என்னால எடுத்துட்டுப் போக முடியாத சாமானா? அப்படி ஒண்ணு இன்னும் பொறக்கலை. மச்சான், கயிறை எடு."

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி நீட்டினாள். "படியை ஒருதடவை அளந்துட்டுத் தூக்குங்களேன்."

"எனக்கே அளவு சொல்றியா?"

ஊரார் வீட்டுப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்தையும் அளக்காமல் கை வைக்காத மனுஷன், தன் வீட்டுப் படியை ஒருநாளும் அளந்ததில்லை. அளக்கிற மாதிரி எதையும் அதில் ஏற்றியதில்லையே. கோபமும் வீம்பும் சேர்ந்தால் கற்ற வித்தை எங்கே நினைவுக்கு வரும்?

பீரோவின் தலைப்பக்கம் மேலே, கால்பக்கம் கீழே. மச்சினன் மேலிருந்து கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். ஒத்தைவண்டி கீழிருந்து தாங்கினார். டெய்லரம்மா முன்னாலேயே ஏறித் தம்பிக்கு மேல்படியில் நின்றாள். முதல் மாடி வரை வம்பில்லை. அடுத்த திருப்பத்தில், முகப்புப் பலகை ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கைப்பிடியிலும் மாட்டிக்கொண்டது. "தம் பிடிச்சு இழு" என்று அவர் கீழிருந்து எக்கித் தள்ளினார். கால் வழுக்கியது. பீரோவின் அடிப்பக்கம் சரிந்து வந்து அவர் மார்பில் உட்கார்ந்தது. பின்னால் சுவர்.

முதலில் அவருக்கு வலிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. நகரலாம் என்று மூச்சை விட்டார். விட்ட மூச்சின் இடத்தை பீரோ எடுத்துக்கொண்டது. திரும்ப இழுத்த மூச்சு பாதிதான் உள்ளே போனது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

"அக்கா, கயிறை விட்டா மாமா நசுங்கிடுவாரு" என்றான் தம்பி. கைப்பிடிக் கம்பியே ஆடிக்கொண்டிருந்தது, அதில் கட்டவும் வழியில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முதல் மாடிக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் போட்ட கூச்சல் தெருவின் ஹாரன் சத்தத்தில் காணாமல் போனது.

"பலகைதான்... மாட்டியிருக்கு" என்று கீழிருந்து குரல் வந்தது. "அது போனா... மேல நகரும்."

அவள் வீட்டுக்குள் ஓடினாள். ஒரு சுத்தியல்கூட இல்லை. அவருடைய கருவிப் பை அவரோடு கீழே மாட்டிக்கொண்டிருந்தது. வழித்து வைத்த மாதிரி இருந்த அந்த வீட்டில் கையில் எடுக்க ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாங்கின அன்று அந்தப் பூவைத் தடவிப் பார்த்த கை, ஒரு கணம் நின்றது. அது கீழே அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"உடைக்காத" என்றார். "ஆளு வரட்டும்... பிடிச்சுக்கறேன்."

"பேசாதீங்க. மூச்சைப் பிடிங்க."

முதல் அடியைப் பூ இல்லாத இடமாகப் பார்த்துத்தான் போட்டாள். பலகை அசையவில்லை. அடுத்து கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தையாக இல்லை. அதற்குப் பிறகு அவள் எங்கே அடிக்கிறோம் என்று பார்க்கவில்லை. பூவின் மேலும் கொடியின் மேலும் இடி இடியென்று இடித்தாள். பலகை பிளந்து படியில் விழுந்தது. பெட்டியைப் போட்டுவிட்டுத் தம்பியோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தாள். பீரோ முனகிக்கொண்டே மேலே ஏறியது.

அதை மேலே வீட்டு வாசலுக்கு இழுத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்து பார்த்தபோது, அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பூ... உடைஞ்சிடுச்சா?" என்றார்.

"உசுரு போகத் தெரிஞ்சுது, பூவைக் கேக்குறீங்களே" என்று அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

விலா எலும்பில் கீறல். கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அவர் பாயில் படுத்தபடி மொட்டைத் தலையோடு நின்ற பீரோவைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அவள் அதில் துணிகளை அடுக்கினாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மூலையில் ஒதுக்கினாள். வாயைத் திறந்து அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விலா தேறிய பிறகு, அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த ஒரு பகலில், மூலையில் கிடந்த துண்டுகளை எடுத்துப் பொருத்தினார். பசை தடவி, ஆணி அடித்து, திரும்பக் கழற்ற முடியாதபடி பீரோவின் உச்சியில் இறுக்கினார். பூவின் நடுவே விரிசல் அப்படியே தெரிந்தது. அவள் வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அந்த டேப்பைக் கொடு" என்றார்.

பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தார். டேப்பில் அந்த அளவின் மேல் வைத்த விரலை எடுக்காமல் வெளியே போய்ப் படித் திருப்பத்தை அளந்தார். மெதுவாகத் திரும்பி வந்தார்.

"வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா?" என்று அவள் கேட்டாள்.

"பீரோ வரமாட்டேங்குதுன்னு சொல்லிடலாம்." டேப்பைச் சுருட்டி அவள் கையில் வைத்தார். "இனி இதை யாராலயும் கீழ இறக்க முடியாது. என்னாலயும்தான்."