தன் பெயரை உரக்கப் படித்த பாப்பியாஸ்

பாப்பியாஸ் எங்கள் கொரிக்கோஸ் துறைமுகத்துப் பிள்ளை. தகப்பன் நேயோன். நேயோனின் தகப்பன் பெயரும் பாப்பியாஸ்தான். அந்தக் கிழவர் பெண் எடுத்தது குங்குமப்பூ வியாபாரி தியோபிலோஸ் வீட்டில். பாப்பியாஸ் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக நகர சபையில் உட்கார்ந்தவர்கள். பாட்டன் காலத்தில் அது பெருமை. நேயோன் காலத்துக்குள் அது முதுகுத் தோலைப் பணயம் வைக்கிற காரியம் ஆகிவிட்டது.

காரணம், அரசாங்கத் தபால் குதிரைகள். சபைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்து லாயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது குதிரை நிற்க வேண்டும். நோயில் செத்தாலும் சரி, பட்டாளத்துக்காரன் ஓட்டிக் கொன்றாலும் சரி, குறைந்தால் முறைக்காரனை மாகாணத் தலைநகர் தார்சுஸுக்கு இழுத்துப் போவார்கள். ஆளுநர் முன்னால் அவனைக் குப்புறக் கிடத்தி, ஈயக் குண்டு கோத்த சாட்டையால் அடிப்பார்கள். நேயோன் இரண்டு தடவை வாங்கினார். இரண்டாம் தடவைக்குப் பிறகு மல்லாந்து படுக்காமலே செத்துப்போனார்.

அப்பனை அடக்கம் செய்த நாற்பதாம் நாள் பாப்பியாஸ் ஊரை விட்டுப் போனான். வயது பத்தொன்பது. தார்சுஸில் தன்னைக் குங்குமப்பூ வியாபாரி வீட்டுப் பேரன் என்று சொல்லிக்கொண்டான். பாட்டி வழியில் அது பொய்யும் இல்லை. சுருக்கெழுத்துக் கற்று, ஆளுநர் அலுவலகத்தில் நுழைந்து, அரசாங்க ஊழியனுக்கு அடையாளமான இடைவாரைக் கட்டினான். அந்த வாரைக் கட்டியவனை எந்த ஊர்ச் சபையும் தொட முடியாது. ஆனால் சட்டம் வேறு சொன்னது. சபைக்காரன் மகன் அப்பன் இடத்தில்தான் உட்கார வேண்டும்; அலுவலகத்தில் ஒளிந்திருந்தால் வாரை அவிழ்த்து ஊருக்கு அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படி ஓடி வந்தவர்கள். அதனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

பதினாறு வருஷம் ஓடியது. முதலில் நகல் எடுத்தான். பிறகு கடிதக் கட்டு சுமந்தான். பிறகு வழக்கு மன்றத்தில் மெழுகுப் பலகையோடு உட்கார்ந்தான். மேலே இருப்பவர் செத்தாலோ ஓய்வு பெற்றாலோதான் கீழே இருப்பவனுக்கு ஒரு படி. பெரியவர்கள் இருமினால் சின்னவர்களுக்குச் சந்தோஷம். பாப்பியாஸுக்கு மேலே இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதில் இருவர் நன்றாகவே இருமினார்கள்.

அந்த வருஷம் குளிர் முடிகிற சமயம், ஒரு காலையில் அலுவலக முற்றத்தில் அவனுடைய மச்சான் லொங்கினோஸ் நின்றான். அக்காள் தாத்தியாவின் புருஷன். நேயோனுக்குத் தூரத்து உறவு; அவனும் சபைக்காரன்.

"என்னடா மச்சான், மினுமினுன்னு இருக்கே. அரசாங்கச் சோறு ஒட்டுது," என்றான்.

"மெதுவாப் பேசு. எதுக்கு வந்தே?"

"உன்னைப் பிடிக்கத்தான். சபை மனு குடுத்து அனுப்பியிருக்கு. நேயோன் மகன் பாப்பியாஸைத் திருப்பி அனுப்புங்கன்னு."

பாப்பியாஸ் அவனைத் தூணோரம் இழுத்தான். "அதைக் கொண்டு வர நீதானா கிடைச்சே?"

"போன வருஷ லாயம் என் முறை. குதிரைக்கு மூக்குச் சீழ் நோய் வந்து ஒம்பது போச்சு. உன்னைக் கூட்டிட்டு வந்தா இந்த வருஷம் உன் முறை, பழசையும் பேசித் தீர்த்துக்கலாம்னாங்க. இல்லேன்னா மறுபடி நான்தான். சபையில வேற ஆளே இல்லடா. செத்தவன், சாமியாரா மலையேறினவன், உன்னை மாதிரி வார் கட்டினவன்."

"மனுவைத் திருப்பி வாங்கிடு."

"நேத்தே குடுத்தாச்சு."

"அக்கா என்ன சொன்னா?"

லொங்கினோஸ் தரையைப் பார்த்தான். "உங்க அக்கா எங்கிட்டப் பேசியே ஒரு வாரம் ஆச்சு."

அதற்குள் மணி அடித்து, மன்றத்தின் திரையை விலக்கினார்கள். அன்று எழுதும் முறை பாப்பியாஸுடையது.

ஆளுநர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழே இருப்பவர்களின் முகம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. மனு படிக்கப்பட்டது. பாப்பியாஸ் தலை நிமிராமல் எழுதினான்: கொரிக்கோஸ் சபையின் மனு, நேயோன் மகன் பாப்பியாஸைப் பற்றி. கைக்குப் பதினாறு வருஷப் பழக்கம்; அது தன் பாட்டுக்கு ஓடியது.

ஆளுநர் அலுவலகத் தலைவர் அமாந்தியோஸைக் கேட்டார்: "இப்படி ஒருத்தன் உங்க அலுவலகத்துல இருக்கானா?"

அமாந்தியோஸ் கண் இமைக்கவில்லை. "அப்படி யாரும் இல்லீங்க ஐயா."

ஆளுநர் மனு கொண்டுவந்த லொங்கினோஸ் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே? ஆளைப் பார்த்தா அடையாளம் காட்டுவியா?"

லொங்கினோஸ் நிமிர்ந்தான். மூன்று முழத் தூரத்தில் மச்சான் மெழுகில் குனிந்திருந்தான். ஒரு விரலை நீட்டினால் போதும், வேலை முடிந்தது. பாப்பியாஸின் எழுத்தாணி அந்தப் பதிலுக்காக அந்தரத்தில் நின்றது.

"இங்க காணோங்க," என்றான் லொங்கினோஸ்.

"அப்ப சபை பொய் மனு குடுத்திருக்கு. உங்க லாயத்துல ஒம்பது குதிரை குறையுதுன்னு வேற எனக்குத் தகவல் வந்திருக்கு. போன வருஷம் யார் முறை?"

"என் முறைதாங்க."

"இந்த வருஷமும் நீயே பாரு. குறைஞ்சதுக்கு இருபது அடி."

சாட்டைக்காரன் சுவரோரமிருந்து எழுந்தான். ஆனால் அடிக்கும் முன் ஒரு முறைமை உண்டு. எழுதியவனே எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும்; இரு பக்கமும் "சரி" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் சாட்டை.

"படி," என்றார் ஆளுநர்.

பாப்பியாஸ் எழுந்தான். நாளையும் மனுவையும் படித்தான். தன் பெயரையும் அப்பன் பெயரையும் தன் வாயாலேயே யாரோ ஒருவன் பெயர் போலப் படித்தான். "ஆளுநர் கேட்டது: இப்படி ஒருத்தன் அலுவலகத்தில் இருக்கிறானா? தலைவர் சொன்னது..." அங்கே நின்றான். லொங்கினோஸ் தலையை மிக லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று. அவன் ஏற்கெனவே மேலங்கியைத் தோளிலிருந்து இறக்கி மடித்து வைத்திருந்தான், கிழியாமல் இருக்க.

"ஏன் நிறுத்திட்டே? எழுத்து புரியலியா?"

"எழுத்து சரிதாங்க ஐயா. சொன்னதுதான் சரியில்லை. நேயோன் மகன் பாப்பியாஸ் நான்தான்."

மன்றத்தில் யாரோ இருமினார்கள். அமாந்தியோஸின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல ஆயிற்று. பாப்பியாஸ் வாரை அவிழ்த்து மெழுகுப் பலகை மேல் வைத்தான். பலகையை வாங்கித் தொடர்ந்து எழுத ஆள் தேட வேண்டியதாயிற்று.

தலைவருக்கு அபராதம். மனு செல்லும். சபை பொய் சொல்லவில்லை என்றானதால், குறைந்த குதிரைகளைக் கட்டி நிறுத்த அவகாசம் கொடுத்து, அடியை நிறுத்தி வைத்தார் ஆளுநர். முறை பாப்பியாஸ் பெயருக்கு மாறியது. வெளியே வரும்போது, உடன் வேலை பார்த்த ஒருவன்கூட அவனிடம் பேசவில்லை. ஒருவன் மட்டும் அவன் காலடியில் துப்பினான். அவனும் ஒரு சபைக்காரன் மகன்தான்.

கடற்கரைப் பாதையில் இரண்டு நாள் நடை. வழியெல்லாம் லொங்கினோஸ் திட்டினான்.

"கிறுக்குப் பயலே! நான்தான் காணோம்னேனே. இருபது அடிதானே? உன்னைக் கேட்டேனா?"

"எங்கப்பா வாங்கினதும் இருபதுதான்."

"உங்கப்பா மெலிஞ்ச மனுஷன். என் முதுகைப் பாரு, எருமை முதுகு."

"எங்கப்பா முதுகை நான் துடைச்சிருக்கேன், மச்சான். நீ பேசாம வா."

லொங்கினோஸ் மறுபடி திட்ட ஆரம்பித்தான்.

வாசலில் தாத்தியா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பதினாறு வருஷம். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. "ஒருத்தனைக் காப்பாத்தணும்னு ராவும் பகலும் வேண்டினேன். எந்த ஒருத்தன்னு சாமிகிட்டச் சொல்ல என்னால முடியல," என்றாள். பிறகு இருவருக்கும் ரொட்டியும் ஒலிவக்காயும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாப்பியாஸ் நின்றபடியே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"குதிரை எத்தனை நிக்குது?"

"பதினொண்ணு. அதுல ஒண்ணுக்கு நான் புறப்படறப்பவே மூக்கு ஒழுகுச்சு."

"லாயத்தைப் பார்வையிடுற அதிகாரி எப்ப வர்றார்?"

"எட்டு நாள்."

"ஒழுகுறதை மத்ததோடவா கட்டி வச்சிருக்கீங்க?"

பாப்பியாஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். தார்சுஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, லாயத்தைப் பார்க்க ஓடினான்.