விண்ணப்பத்தின் பின்பக்கம்

கடலூரில் குடியிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தினமும் மூன்று மணி நேரம் அவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அவன் துறையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். துறையில் அவன் வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்வார்கள். அவனோ ஜன்னலோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பான். அங்கே பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. மாணவர்களுக்குச் சமூகவியல் நடத்தினேன். குடும்பம் என்னும் அமைப்பைப் பற்றி ஒரு தாள் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. அந்த அமைப்பில் நான் கழித்த நேரம், அதைப் பற்றிப் பேசிய நேரத்தைவிடக் குறைவு.

2004இல் பாசஞ்சர் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் விடைத்தாள் திருத்துவேன். பிறகு அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். பேருந்தில் விடைத்தாள் திருத்த முடியாது. குடிகாடு தாண்டுவதற்குள் சிவப்பு மை மாணவனின் பெயர்மீது கோலம் போட்டுவிடும். அதனால் கட்டுகள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, என் மகள் பேப்பர் திருத்துகிறார் என்று எழுதிவிட்டு வந்தாள். அவள் எழுதியதில் பிழை ஒன்றுமில்லை.

என் மனைவியும் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இதை இவ்வளவு தாமதமாகச் சொல்வதிலேயே என் லட்சணம் தெரிந்திருக்கும். அவள் கடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில் பிறந்தவள். முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் அவளுக்கு அத்தை, சித்தி முறை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் பேருந்து ஏறிப் போய், அவர்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நீள நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்வார்களாம். நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்களாம். அதனால் எல்லாப் பக்கங்களிலும் கறுத்த விரல் தடங்கள் இருந்தன. நோட்டுகள் பதினொன்று ஆயின.

அந்த ஞாயிறுகளில் வீட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்து வருடம் முடியும் சமயத்தில், பதிவுக்காலத்தை நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. போடாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ஒரே ஒரு தாள். முன்பக்கம் மட்டும் அச்சடித்தது. அவள் அதை அழகாக நிரப்பினாள். அவளுடைய நெறியாளர் எங்கள் பக்கத்துத் துறைப் பேராசிரியர். வெளிநாட்டில் மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறவர், கிளம்புவதற்கு முந்தின நாள் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கள்கிழமை காலை, என் தோள்பையில் சோற்று டப்பாவை வைக்கும்போது அவள் தாளையும் ஓர் உறையில் போட்டு வைத்தாள்.

“வெள்ளிக்கிழமைதான் கடேசி. இன்னைக்கே குடுத்துடுங்க. சீல் போட்ட ரசீது வாங்கிக்கிட்டு வாங்க.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருபது வருட அனுபவம் இருந்தது.

அந்த வாரம் எங்கள் துறையில் கருத்தரங்கு. உயர்கல்வியில் பெண்கள் என்பது தலைப்பு. ஒருங்கிணைப்பாளன் நான். துணி பேனரில் என் பெயர் பெண்கள் என்ற சொல்லைவிடப் பெரிதாக இருந்தது. திங்களும் செவ்வாயும் விருந்தினர்களுக்கு அறை பிடிப்பதிலும், மதியச் சாப்பாட்டில் பாயசமா கேசரியா என்று முடிவெடுப்பதிலும் போயின. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்பே, நாளைக்கு என்று கை காட்டுவேன்.

புதன்கிழமை கருத்தரங்கு. வரவேற்புரையை நான் தயாரிக்கவில்லை. பேருந்து முதுநகரைத் தாண்டும்போது பயம் வந்தது. பையைத் துழாவியபோது கையில் கிடைத்த உறையிலிருந்து ஒரு தாளை உருவினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. குடிகாட்டில் ரசாயன ஆலை நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்தியபோது முதல் குறிப்பு வந்தது. ஆலப்பாக்கத்தில் இரண்டாவது. புதுச்சத்திரத்தில், பெண்களின் ஆய்வுக்கு வீட்டார் நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று மூன்றாவதை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். வெள்ளாற்றுப் பாலத்தில் நான்காவது. நல்ல ஓட்டம். மேடையில் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினேன். மூன்றாவது குறிப்புக்குக் கைதட்டல் கிடைத்தது. முன்வரிசையில் ஓர் அம்மையார் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

உட்கார்ந்து தாளை மடிக்கும்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.

அன்றே அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்குத்தான் முடியவில்லை. காரணம், விண்ணப்பங்களை வாங்கும் ஆய்வுப் பிரிவுக்கு நான் அனுப்பும் மாணவர் விண்ணப்பங்களில் ஒரு அடித்தல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் துறையிலிருந்து கறைபட்ட தாள் போகாது என்று அங்கிருந்த எழுத்தரிடமே பெருமை பேசியிருக்கிறேன். அவர் முன்னால், என் கையெழுத்து ஊர்ந்துகொண்டிருக்கும் மனைவியின் விண்ணப்பத்தை நீட்ட வேண்டும். புதுப் படிவம் வாங்கினால் நெறியாளர் கையெழுத்துக்கு விமானம் ஏற வேண்டும். வியாழன் முழுக்க யோசித்தேன். வெள்ளிக்கிழமை அந்த அலுவலக வாசல்வரை போனேன். எழுத்தர் தலை நிமிர்ந்து வணக்கம் வைத்தார். நானும் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவுதான்.

வீட்டில், கொடுத்துவிட்டேன் என்றேன். ரசீது எங்கே என்றாள். சீல் போடுகிறவர் விடுப்பு என்றேன். இரண்டு மாதம் கழித்துப் பதிவு ரத்தானதாகக் கடிதம் வந்தது. அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். அலுவலகத்தில் தாளைத் தொலைத்துவிட்டார்கள் என்று நான் கத்தினேன். எழுத்தரைத் திட்டினேன். அன்றைக்குத் திட்டியதோடு விட்டிருக்கலாம். பொய்க்கும் தினசரி பராமரிப்பு தேவைப்பட்டது. வாரம் ஒரு முறையாவது, சாப்பிடும்போது, உருப்படாத ஆபீஸ், பொறுப்பில்லாத ஆள் என்று ஆரம்பித்துவிடுவேன். அவள் என் தட்டில் குழம்பை ஊற்றுவாள். அவளுடைய பொறுமையை நான் வியந்துகொள்வேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்தாள். அலமாரியைத் துடைத்தாள். பள்ளி வேலைகளை எழுதினாள். சில ஞாயிறுகளில் ஒன்றும் செய்யாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. அடுத்த மூன்று வருடங்களில் இரண்டு கட்டுரைகள் எழுதினேன். விடைத்தாள் கட்டுகளுக்கு இடம் போதவில்லை என்று அவளுடைய நோட்டுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மாடியில் தகரக் கூரை போட்ட அறைக்கு ஏற்றினேன். அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. கிழிக்கத் தைரியம் வேண்டும். யாரும் திறக்காத புத்தகம் ஒன்று வேண்டுமே என்று யோசித்தபோது உடனே நினைவுக்கு வந்தது என் முனைவர் பட்ட ஆய்வு நூல்தான். அதன் நடுவில் வைத்து அலமாரியில் செருகினேன். கணக்கு தப்பவில்லை. 2011 கடைசிவரை அதை யாரும் தொடவில்லை.

அந்த வருடம் முடியும் தருவாயில் புயல் அடித்தது. காலையில் மாடிக்குப் போனபோது தகரத்தைக் காணவில்லை. வானம் தெரிந்தது. அட்டைப்பெட்டி கூழாகியிருந்தது. மின்சாரம் வரப் பல நாள் ஆகும் என்றார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஒன்றுகூட நிற்கவில்லை என்று கேள்விப்பட்டோம். அவள் காடாம்புலியூருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். கிடைக்கவில்லை. பிறகு போனை வைத்துவிட்டுக் கூடத்தில் பாயை விரித்து, பதினொரு நோட்டுகளையும் பிரித்துக் காயவைத்தாள். மை எல்லாம் கரைந்து நீலமாக ஓடியிருந்தது. பாதிப் பக்கங்களைப் படிக்க முடியாது. அந்தப் பெண்களின் விரல் தடங்கள் மட்டும் அழியவில்லை. முந்திரி எண்ணெய் தண்ணீரில் போகாது.

காற்று நிற்கவில்லை. பக்கங்கள் புரண்டன. மேலே வைக்கக் கனமாக ஏதாவது எடு என்று மகளிடம் சொன்னாள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள், அலமாரிக்குப் போய் இருப்பதிலேயே தடியான புத்தகத்தை உருவினாள். அப்பா புக்கு இதுக்குக் கரெக்டா இருக்கும்மா என்றாள். வாங்கும்போது தாள் விழுந்தது.

என் மனைவி அதை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து, நெறியாளர் கையெழுத்து. திருப்பினாள். என்னுடைய நான்கு குறிப்புகள். புத்தகத்துக்குள் இருந்ததால் ஓர் எழுத்துகூட நனையவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்க குடுக்கலன்னு தெரியும்” என்றாள். “லெட்டர் வந்த வாரமே லீவு போட்டுட்டு சிதம்பரம் போனேன். அந்த மனுசன் ரிஜிஸ்டர மூணு தரம் பொரட்டிப் பாத்தாரு. வரவே இல்லம்மா, வந்திருந்தா நம்பர் போட்டிருப்பேன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு.”

நான் உட்கார இடம் தேடினேன். பாய் முழுக்க நோட்டுகள்.

“அவரத்தான் மூணு வருசமா திட்டிக்கிட்டு இருக்கீங்க.”

“ஏன் கேக்கல?” என்றேன்.

“கேட்டா இன்னொரு கதை சொல்லுவீங்க. ஏன் குடுக்கலன்னுதான் தெரியாம இருந்துச்சி. இப்பத் தெரிஞ்சிது.” தாளை மறுபடி ஒரு முறை படித்தாள். “மூணாவது பாயிண்ட் நல்லா இருக்கு. கை தட்டுனாங்களா?”

“தட்டுனாங்க” என்றேன். அந்த நேரத்திலும் உண்மையான புள்ளிவிவரம் தர வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மனைவி தாளை மடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். என் புத்தகத்தை ஏழாவது நோட்டின் மேல் வைத்தாள். அது நன்றாக அமுக்கிப் பிடித்தது.

பொங்கல் விடுமுறையில் அவள் காடாம்புலியூருக்குக் கிளம்பினாள். படிக்க முடிகிற ஐந்து நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டாள். மரம் ஒவ்வொன்றையும் பற்றி அந்தப் பெண்கள் சொன்னது அவற்றில் இருந்தது. மரங்கள் இப்போது இல்லை. அவள் அதைச் சொன்னவுடன் என் மண்டைக்குள் இதை வைத்து ஒரு கட்டுரைத் தலைப்பு ஓடியது. எழுதவே கூசுகிறது, ஆனால் ஓடியது. மறுபடி பதிவு செய்துகொள்ளலாம், நான் அலுவலகத்தில் பேசுகிறேன் என்றேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் என்றாள். நானும் கூட வரட்டுமா என்றேன். பேப்பர் கட்டு இருக்கே என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

பேருந்து நிலையத்தில் பண்ருட்டி வழியாகப் போகும் வண்டி கூட்டமாக வந்து நின்றது. அவள் படியில் கால் வைக்கும்போது பை தோளிலிருந்து நழுவியது. நான் கையை நீட்டினேன்.

“இத நான் தூக்கிக்கிறேன்” என்று சொல்லிப் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். உள்ளே உட்கார இடமில்லை. காடாம்புலியூர்வரை நின்றுகொண்டே போனோம், பையை அவள் இறக்கவில்லை.