சோத்துச் சங்கும் குண்டுச் சங்கும்

"ஏண்டி, பொழுது போகலைன்னா போய்த் தூங்கேன். முடிஞ்சுபோன சண்டையை எதுக்கு எங்கிட்ட வந்து தோண்டுற?" என்றுதான் முதலில் திட்டினேன். ஒன்பதாவது படிக்கும் என் கொள்ளுப்பேத்தி அனிதா அசையவில்லை. மில்களும் மிஷின்களும் வந்த காலம், உலகப்போர் என்று பாடம் நடக்கிறதாம். அந்தக் காலத்தைப் பார்த்த ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டுமாம். ஈஜிபுராவில் எங்கள் தெருவில் என்னைவிடப் பழைய சாமான் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் பாடம் கேட்க வந்ததற்காக இன்னும் இரண்டு வசவு வைத்துவிட்டு, சொல்லத் தொடங்கினேன்.

மில் சங்கு ஊதினால், மில் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்து, பலகைமேல் இருக்கும் பித்தளைத் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எந்த வீட்டிலும் கடிகாரம் இல்லை. உலை வைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பக்கத்து வீட்டோடு சண்டை போடுவது எல்லாமே சங்கைக் கேட்டுத்தான். மதியம் ஊதுவதற்கு 'சோத்துச் சங்கு' என்று பெயர். அது ஊதியதும் பெண்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடுவார்கள். கேட் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் மனிதர் ஷிப்ட் முடியும்வரை பட்டினி.

எங்கப்பா அங்கே தறி ஓட்டினார். சண்டை வந்தபிறகு சேலை நெய்த தறியெல்லாம் பட்டாளத்துக்குக் காக்கி நெய்தன. வேலை கூடியது, அரிசி குறைந்தது, வீட்டில் தினமும் ராகிக் களிதான். அப்பாவுக்கு வயிற்றுப்புண். வெறும் வயிற்றோடு தறிப்பக்கத்தில் ஒருமுறை மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு தரம் விழுந்தால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். அதன்பிறகு அம்மாவுக்கு ஜெர்மனியும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. கேட் மூடுவதற்குள் கேரியர் உள்ளே போகவேண்டும், அதுதான் அவளுடைய உலகப்போர்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று லைனுக்கு எதிரே செம்மண்ணில் நீளமாகக் குழி வெட்டினார்கள். கடைசி வீட்டு நஞ்சப்பாவை, விமானம் வந்தால் ஜனங்களைக் குழியில் இறக்கும் வார்டனாக்கிக் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. கன்னடம் பாதி தமிழ் பாதியாக வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார். "நோடம்மா, சங்கு விட்டு விட்டு ஊதினா விமானம், குழியில படுக்கணும். நீளமா ஊதினா சோறு. கொத்தாயித்தா, புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் சங்கு கேட்டதும் ஓடிப் பழகிய கால்களுக்கு அது புரியவில்லை. ஒத்திகை நாளன்று மதியச் சோற்று வேளையை ஒட்டிச் சங்கு ஊதியது. அது விட்டு ஊதுகிறதா விடாமல் ஊதுகிறதா என்று நின்று கேட்க யாருக்குப் பொறுமை? லைன் மொத்தமும் கேரியரோடு ஓடியது. நஞ்சப்பா இரண்டு கையையும் விரித்துப் படுக்கச் சொல்லிக் கத்த, பெண்கள் அவருடைய இரண்டு பக்கமும் புகுந்து போனார்கள். "குண்டு நாளைக்கும் போடுவான், கேட்டை இப்பவே சாத்திடுவான், வழி விடுங்கண்ணா" என்றாளாம் அம்மா. கேட்டுக்கு உள்ளேயும் அதே கூத்து. பதுங்கவேண்டிய ஆண்கள் தறியை விட்டுச் சோற்றுக்கு வந்து நின்றார்கள். அவர்களைப் படுக்க வைக்கவேண்டிய மேஸ்திரியே முன்னால் நின்று தன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்.

அனிதா சிரித்தாள். பிறகு மெதுவாகக் கொக்கியைப் போட்டாள். நஞ்சப்பாவின் மகன் ஆனேக்கலில் இருக்கிறாராம். அவரிடம் போனில் கேட்டபோது, அன்று எல்லாரும் ஒழுங்காகக் குழியில் படுத்தார்கள், அப்பாவை மில்லின் பெரிய துரையே பாராட்டினார் என்றாராம்.

"அவன் அன்னைக்குத் தொட்டில்ல கெடந்தான்டி. அவனுக்கு என்ன தெரியும்?"

"சரி ஆயா. நீங்க எங்க இருந்தீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் குழிக்குள் இருந்தேன். அம்மா பின்னால் ஓடியவளை நஞ்சப்பாவின் மனைவி இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டாள். கேட்டையும் மேஸ்திரியையும் நான் பார்க்கவே இல்லை. எல்லாம் அம்மா சொன்னது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா சேர்த்து.

"அவரும் அவங்கப்பா சொன்னதைத்தான் சொல்றாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டு ஆளை ஜெயிக்க வச்சிருக்கீங்க" என்றாள். "நீங்களே பாத்தது என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

யோசித்தேன். செம்மண் சுவர், அதற்குமேல் ஓடும் கால்கள். அதில் வெடித்த குதிகாலும் ஒற்றை மெட்டியுமாக இரண்டு கால்கள் குழியோரம் நின்றன. அம்மா குனிந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் ஓடினாள்.

அப்புறம் சாயங்காலம். அப்பா தினமும் கேரியரின் அடித்தட்டில் எனக்கென்று ஓர் உருண்டை களியை மிச்சம் வைத்துக் கொண்டுவருவார். அன்று திறந்தால் தட்டு விரலால் வழித்துச் சுத்தமாக இருந்தது. ஏமாந்து அழுதேன், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மகளுக்கு ஒரு வாய் வைக்கத் தோணலை பாரு அந்த மனுஷனுக்கு" என்று அனிதாவிடம் இப்போதும் குறைதான் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆயா, அப்ப கேரியர் உள்ள போயிருக்கு. அவரு சாப்பிட்டிருக்காரு. இதுதான் சாட்சி."

இத்தனை வருஷம் மனசுக்குள் கோபமாகக் கிடந்ததை ஒரு சின்னப்பெண் எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அப்பா மிச்சம் வைக்காத அளவுக்குப் பசித்திருக்கிறார்; அம்மா போய்ச் சேர்ந்திருக்கிறாள். அப்பா அதன்பிறகு விழவில்லை, தலை நரைக்கும்வரை அதே தறியில் நின்றார், அந்தக் கூலியில் நாங்கள் வளர்ந்தோம். அந்த வெற்றுத் தட்டுக்கு இப்போதாவது கும்பிடு போடத் தெரிந்ததே. இவளுக்கு இப்படிக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூட டீச்சர் நன்றாக இருக்கட்டும்.

மில் இருந்த இடத்தில் இன்று மாடி மாடியாக வீடுகள். சங்கும் இல்லை, குழியும் மூடிப்போயிற்று. அனிதா எழுதியதைப் படித்துக் காட்டினாள். அம்மா சாப்பாடு கொண்டுபோனது நம்பத்தகுந்ததாம். மேஸ்திரி கேரியர் திறந்தது உறுதியில்லையாம். கதையில் இருந்த நல்ல இடமே அதுதான்.

மறுநாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள், பிள்ளையிடம் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்டார்கள்.

"எங்கம்மா ஓடுறப்ப நின்னு என்னைத் திரும்பிப் பாத்தாடி. அது நானே பாத்தது, எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன். மேஸ்திரி கதை ஒண்ணும் இருக்குது, அதுக்கு சாட்சி கீட்சி கிடையாது. லாரி வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு, குடத்தைக் கீழ வைங்க, சொல்றேன்."