அப்பா வைத்த இரண்டாவது கஸ்கெற்

"ஆடி அமாவாசைக்குள்ளை உது ஓடாட்டி லொறி வரும். சொல்லிப்போட்டன்."

அண்ணை இதைச் சொன்னபோது நான் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். என் கால்கள் இரண்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். கால்களோடு கதைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. விடுவேனா? சாக்கோடு சறுக்கி வெளியே வந்து, முகத்தில் ஒயிலும் தலையில் செம்மண்ணுமாக எழுந்து நின்றேன்.

"ஆடி அமாவாசைக்கு அம்மா கீரிமலைக்கு உந்தக் காரிலைதான் போவா. விருப்பமெண்டால் நீங்களும் ஏறலாம்" என்றேன்.

அண்ணை சிரித்தார். கோபித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

இது போன வருடம், சண்டிலிப்பாயில் எங்கள் வளவில் நடந்தது. கார் அப்பாவுடையது, என்னைவிட வயது கூடியது. அப்பா இறந்து மூன்று வருடமாகக் கொட்டிலுக்குள் நின்றது. கல்யாண ஊர்வலங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருந்தார். ஏற்றிப்போக வரும் லொறி அவருடையது. பூமாலை போட்டு, றிபன் கட்டி, அப்பாவின் காரில் யார் யாரோ பொம்பிளை மாப்பிள்ளை ஏறிப்போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் அதற்காக மட்டும் நின்றுபிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கார் வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை கிளினிக். முழங்கால் மடங்காது, ஓட்டோவுக்குள் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. பக்கத்து வளவில் இருக்கிற என் கூடப்பிறந்த அண்ணையிடம் வான் உண்டு. கிளினிக்குக்கு முதல் நாள் நான் வேலிக் கடப்படியில் போய் நிற்க வேண்டும். "அண்ணை, நாளைக்கு நேரமிருக்கோ?" இருக்கும், ஆனால் உடனே சொல்லமாட்டார். "பாப்பம்" என்பார். அந்தப் 'பாப்பம்' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், சொந்தக் கையால் தைத்துச் சம்பாதிக்கிற ஒருத்தி, கார் லைசனும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் வேலியில் நின்று பல்லிளிக்க வேண்டும்?

நான் தையல்காரி. சாரிச் சட்டை தைப்பதுதான் தொழில். கார் வேலையில் இறங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் ஊருக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. "எஞ்சினுக்கும் கை வைச்சுத் தைக்கப் போறியளோ?" என்று ஒரு மனுசி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. அவவின் மகளின் கூறைச் சட்டை அப்போது என்னிடம்தான் இருந்தது. "ஓம், கவனமாயிருங்கோ, மாறிக்கீறிக் காருக்குப் போட்டுவிடுவன்" என்றேன். அடுத்த நாளே வந்து சட்டையை எட்டிப்பார்த்துவிட்டுப் போனா.

காரின் வியாதி எனக்குத் தெரியும். எஞ்சினின் உடம்புக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். அதுதான் கஸ்கெற். தண்ணீரும் ஒயிலும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது அது. எங்கள் காரில் அது பழுதாகித் தண்ணீர் ஒழுகத் தொடங்கியபோதுதான், தன் கடைசி நாட்களில், அப்பா காரைக் கொட்டிலில் விட்டார். ஹெட்டில் பதினொரு நட்டு. ஒவ்வொன்றையும் கழற்ற ஒரு யுத்தம். கடைசியில் ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கஸ்கெற்.

எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. வந்து எட்டிப்பார்த்தவர்களுக்கும் படவில்லை. "கொப்பர் வைச்ச மாதிரியே வை பிள்ளை. அவருக்குத் தெரியாததோ?" என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்பாவின் கை பட்டதை மாற்ற நான் யார்?

கஸ்கெற் வாங்கப் பட்டணத்துக்குப் போனேன். உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர் எங்கள் யாழ்ப்பாணத்துச் சோனகர், முஸ்லிம் என்பதால் தொண்ணூறில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை திறந்தவர். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"ரெண்டு தாங்கோ" என்றேன்.

"ரெண்டோ? ஒரு எஞ்சினுக்கு ஏன் தங்கச்சி ரெண்டு?"

"எங்கடை காருக்கு ரெண்டு" என்றேன் வெடுக்கென்று. பொம்பிளை என்பதால் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் இரண்டாவதையும் எடுத்துத் தந்தார். பாவம் மனுசன்.

இரண்டையும் வைத்து, ஹெட்டை ஏற்றி, பதினொரு நட்டையும் பூட்டினேன். ஸ்ராட் பண்ணினேன். இருமியது, குலுங்கியது, பிறகு ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தையல் மெசினுக்கு முன்னால் போய் இருந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். ஆனால் கொட்டிலிலிருந்து படலைவரை போவதற்குள்ளேயே கார் களைத்துப்போய் நின்றுவிட்டது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தது.

அண்ணை வந்தார். அவருக்கு எப்படித்தான் மணக்குமோ! கம்பியை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டினார். "நீ இறுக்கினது காணாது. பொம்பிளைக் கைதானே. ஸ்பனருக்கு ஒரு பைப்பைக் கொழுவித் தொங்கி இறுக்கவேணும். தள்ளு, நான் இறுக்கிறன்."

"கையை வைச்சுப் பாருங்கோ தெரியும்" என்றேன்.

"உனக்கு விசரே? அமாவாசைக்கு இன்னும் ஒம்பது நாள்தான் கிடக்கு."

"ஒம்பது நாள் கிடக்குத்தானே. பிறகென்ன?"

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. "விடு பிள்ளை. கொண்ணை சொல்லுறதைக் கேள். வித்துப்போட்டு நிம்மதியா இருப்பம்" என்றா. அதுதான் எனக்குச் சுட்டது. அண்ணையின் சிரிப்புச் சுடவில்லை, இது சுட்டது. யாருக்காக நான் ஒயிலில் குளிக்கிறேன்? கொட்டிலின் பின்பக்கம் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து பதினொரு நட்டையும் மறுபடி கழற்றினேன்.

ஹெட்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கஸ்கெற்றுக்கும் இடையில்தான் தண்ணீர் கசிந்திருந்தது, ஓடின வழி அப்படியே தெரிந்தது. அப்போதுதான் கடைக்காரரின் கேள்வி காதுக்குள் வந்தது. ஏன் இரண்டு? இந்த ஊரில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லையே!

அம்மா குசினியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தா. "அம்மா, அப்பா எப்ப ரெண்டு கஸ்கெற் வைச்சவர்?"

"மண்ணெண்ணெய்க் காலத்திலை. அப்ப எல்லாரும் வைச்சவைதானே."

"பிறகேன் எடுக்கேல்லை?"

"ஓடினதுதானே. ஓடுறதை ஆர் கழட்டுறது?"

எனக்கு எல்லாம் விளங்கியது. யுத்தத்தின்போது அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எங்களுக்குக் கண்ணால் காணக் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் எஞ்சினின் அமுக்கம் மண்ணெண்ணெய்க்கு ஆகாது, டக்குடக்கென்று இடிக்கும். அந்த அமுக்கத்தைக் குறைக்கத்தான் இரண்டாவது கஸ்கெற்றை வைத்து ஹெட்டை உயர்த்தியிருக்கிறார் அப்பா. தடை போனது, யுத்தம் போனது, பெற்றோல் வந்தது, கஸ்கெற் மட்டும் உள்ளேயே கிடந்தது. கார் இழுவை இல்லாமல்தான் ஓடியிருக்கும். யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் அந்த வருடங்களில் இங்கே இல்லை, இருக்க விடவில்லை. அதனால்தான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

முதல் தடவை கழற்றிப் போட்டிருந்த அப்பாவின் இரண்டாவது கஸ்கெற்றைக் கையில் எடுத்தேன். அப்பா கெட்டிக்காரர். ஆனால் அது அந்தக் காலத்துக்கான கெட்டித்தனம். தடையில்லாத நாளிலும் ஏன் நாங்கள் தடைக்குப் பயந்த எஞ்சினை ஓட்ட வேண்டும்? "குறை நினையாதையுங்கோ அப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒருக்கால் இறுக்கிக் கழற்றின கஸ்கெற் மறுபடி உதவாது. மறுநாள் கடைக்குப் போய், "ஒரு கஸ்கெற் தாங்கோ" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஒண்டு காணுமோ தங்கச்சி?"

"ஓம், ஒண்டுதான். நீங்கள் கேட்டது சரி. நான்தான் பாய்ஞ்சு விழுந்திட்டன்."

இறுக்கத்தின் அளவு காட்டுகிற ஸ்பனர் ஒன்றை அவரே இரவல் தந்தார்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. பழைய ஒயிலை வடித்து, எஞ்சினைக் கழுவி, புது ஒயில் விட்டேன். ஒரு கஸ்கெற். நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, இங்கொன்று அங்கொன்றாக வெளிப்பக்கம் போக வேண்டும். அரைவாசி இறுக்கம், முக்கால், பிறகு முழுசு. நழுவுகிற பட்டுத் துணிக்கு நாங்கள் நடுவிலிருந்து ஊசி குத்திக்கொண்டு போவோமே, அதே வேலைதான். ஓரத்தில் தொடங்கினால் துணியும் சுருங்கும், ஹெட்டும் கோணும். அளவு வந்ததும் ஸ்பனர் 'கிளிக்' என்றது. அதற்குமேல் ஒரு மயிரிழை நான் திருகவில்லை. பைப்பைக் கொழுவித் தொங்கியிருந்தால் அண்ணை நட்டைத்தான் முறித்திருப்பார். கடைசி நட்டுக்குக் கிளிக் கேட்டபோது அம்மா பின்னால் நின்றா. எப்போது வந்தாவோ தெரியாது.

"முடிஞ்சுதோ?" என்றா.

"முடிஞ்சுது."

எஞ்சின் முதல் தட்டிலேயே பிடித்தது. படலையைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, கோயில்வரை போய்த் திரும்பினேன். அப்பா ஓட்டினபோதுகூட அது அப்படி இழுக்கவில்லை. வந்து கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் ஒயிலாக இருந்தது.

ஆடி அமாவாசை விடிய அண்ணை வேட்டி சால்வையோடு வந்தார். அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்வது மகன்தானே. எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சநேரம் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு கையை நீட்டினார். "தா திறப்பை. நான் ஓட்டுறன். சனம் பாக்கும்."

திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கொதி தலைக்கு ஏறிவிட்டது. வாய் திறந்தால் கீரிமலைப் பயணம் நாசமாகும்.

அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு காரைச் சுற்றி வந்தா. அப்பா இருந்த காலம் முழுக்கப் பின்சீற்றில் இருந்த மனுசி, முன்கதவைத் திறந்து, காலை மெதுவாகத் தூக்கி வைத்து இருந்தா.

"இறுக்கினது அவள்" என்றா அண்ணையைப் பார்க்காமலே. "அவள் ஓட்டட்டும். நீ பின்னுக்கு ஏறு தம்பி."

அண்ணை ஏறினார்.

கீரிமலையில் தர்ப்பணத்தை அவர்தான் செய்தார். பெண்கள் செய்யக்கூடாதாம். செய்யட்டும். நான் காருக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்து ஈர வேட்டி மாற்றிக்கொண்டு வந்த அண்ணை, திறப்பைக் கேட்கவில்லை. தானாகவே பின்கதவைத் திறந்து ஏறி இருந்தார்.