மாமா விமானத்தில் சுற்றிய கிரிவலம்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டு இப்போதுதான் துணிந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விமானப்படையில் பெரிய தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்க அம்மா கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டாள்.

“என்னால நடக்க முடியலடான்னு மாமாவுக்கு எழுதுடி” என்று பத்து வயதுப் பெண்ணான என்னிடம் சொன்னாள். எழுதினேன். அடியில், அவளுக்குத் தெரியாமல், “மாமா, அம்மாவுக்குப் பதிலா நீங்க ஏரோப்ளேன்ல ஒரு சுத்து சுத்துங்க” என்று நானே ஒரு வரி சேர்த்தேன்.

“வியாழக்கிழமை காலைல வெளிய வந்து பாருங்க” என்று மட்டும் கார்டு வந்தது.

அன்று அம்மாவை, மலை தெரியும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். எதிர்வீட்டு அத்தை, “உன் தம்பி எங்க மாடியில எறங்கிடப் போறாரு, வடாமெல்லாம் எடுத்துடட்டுமா?” என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்தாள். அப்பாவுக்கு வேறு கவலை. “இடமா சுத்திடப் போறான். மலைக்கு மேலயே போயிட்டான்னா? சாமி தலைய தாண்டுன மாதிரி ஆயிடுமே!”

முதலில் சத்தம்தான் வந்தது. கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகு வெயிலில் மின்னிக்கொண்டு, மலையுச்சிக்குக் கீழாகவே அந்த விமானம் தெற்கே போயிற்று. அவசரமில்லாமல், மெதுவாக, யாரோ பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நடப்பதுபோல் எனக்குத் தோன்றிற்று. மலைக்குப் பின்னால் மறைந்தது. தெருவே மலையைப் பார்த்து நின்றது. அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது, வடக்குப் பக்கம் அது வெளியே வந்தது.

“வலமாத்தான் வந்திருக்கான்!” அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மாமா லீவில் வந்தார். முகம் வாடியிருந்தது.

“வழி மாறிப் போனதுக்கு விசாரணை வெச்சாங்கக்கா. காரணம் கேட்டாங்க, என் தப்புதான்னுட்டேன். பிரமோஷன் இப்ப இல்ல. ரெண்டு வருஷம் ஆபீஸ் வேலைதான்.”

“உனக்காகத்தானேடா வேண்டிக்கினேன்” என்று அம்மா அழுதாள்.

எனக்கோ ஒரே சந்தோஷம். “அப்ப இனிமே பறக்க வேணாமா மாமா? ஃபேனுக்கு அடியில ஜாலியா உக்காந்துக்கலாமா?” என்று கைதட்டினேன்.

“ஆமாண்டி கண்ணு” என்று அவரும் சேர்ந்து தட்டினார். பிறகு முற்றத்துக்குப் போய், அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நானும் பார்த்தேன். ஒரு காக்கைகூட இல்லை. ஒன்றுமில்லாததை ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போன பிறகுதான் அவர் தளபதியானார். என் வரியைப் பற்றி அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சாமியே விமானத்தை இழுத்துவந்து சுற்றவைத்தார் என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சாமி மேல் பழி போடாதீர்கள். கேட்டது நான், சுற்றியது மாமா. யாரிடம் சொன்னாலும் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள்.