புளிக்காத மண்

ஊரே அவரைச் சுண்ணாம்புக்காரர் என்றுதான் கூப்பிட்டது. வெள்ளையடித்துப் பிழைத்தவர் இல்லை. பூச்செடி நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். இலை கொஞ்சம் மஞ்சளானால் போதும், சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துவிடுவார். சோற்றில் உப்பு குறைந்தாலும் மனிதர் சுண்ணாம்பைத்தான் தேடுவார் என்று கேலி பேசினார்கள்.

பண்ணை வேலியோரம் வரிசையாக நின்ற சிவப்புத் தேவதாரு மரங்கள்தான் அவருக்குப் பகை. அவை சருகைக் கொட்டி மண்ணைப் புளிக்க வைக்கின்றன, சுண்ணாம்புதான் அதை முறிக்கும் என்பது அவர் கணக்கு. போட்டார், இலை இன்னும் மஞ்சளானது. இன்னும் போட்டார். பிடித்தால் குரங்குப்பிடி. கடைசியில் மரங்களையே வெட்டுவது என்று முடிவுகட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. தம்பி மனைவிக்கு மூச்சிழுப்பு நோய். பண்ணையைத் தாண்டி இருந்த கல்லுடைக்கும் ஆலையின் தூசியை அந்த மரங்கள்தான் தடுத்துக்கொண்டிருந்தன. அவள் வேலியோரம் வந்து நின்றாள்.

"மாமா, கிளைய வேணும்னா கழிச்சுக்குங்க. சருகை நானே வாரிடறேன். மரம் மட்டும் இருக்கட்டும். எனக்கு மூச்சு முட்டும்."

"உன் மூச்சுக்காக என் பொழப்பு நாறணுமா?"

கல்யாணம் காட்சி இல்லாத அவர், தினமும் அவள் கையால்தான் சாப்பிட்டு வந்தார். அன்றைக்கு அந்த வாய்க்கு என்ன கேடு வந்ததோ!

மரங்கள் சாய்ந்தன. அந்தக் கோடை முழுக்க அவள் ஜன்னல்களில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மழை வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

செடிகளோ அப்போதும் தேறவில்லை. வேறு வழி தெரியாமல் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை மண் கொண்டுபோனார்.

"இது புளிச்ச மண்ணே இல்லீங்க, சுண்ணாம்பு ஏறிப்போன மண்ணு, அதான் இலை மஞ்சளாகுது," என்றாள் அங்கிருந்த பெண். "அந்த மரத்துச் சருகுலயே சுண்ணாம்புச் சத்து இருக்கு. அதுக்கு மேல நீங்க வேற கொட்டியிருக்கீங்க. சருகை வாரிட்டுச் சும்மா விட்டிருந்தாலே போதும்."

நேரே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணு புளிக்கவே இல்லையாம்டா. மரத்து மேல தப்பே இல்ல," என்றார்.

"தெரியும்ணே. நீ வெட்டறதுக்கு முன்னாடியே ஒரு பிடி மண்ணெடுத்துப் போய் அவ கேட்டுட்டு வந்துட்டா."

"அடப்பாவி! அப்ப ஏன்டா சொல்லல?"

"அவ சொல்லத்தான் கெளம்பினா. நான்தான் விடல. மண்ணுக்காக வேணாம், அவளுக்காக நீ விடறியான்னு பார்க்கணும்னு இருந்தேன்."